டிஸ்க் மாற்றுமுன் ஒரு வார்த்தை



மலருக்கு ஒரு தொழில்நுட்பக் கட்டுரை வேண்டும் என்று சங்கத் தோழர்கள் கேட்டபோது, ரோபோ பற்றி எழுதலாமா, செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில், என் கையாலேயே நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றி எழுதுவதுதான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. வீட்டில் உள்ள நாஸ் பெட்டியில் சின்ன ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பெரிய டிஸ்க் போடுவது எப்படி என்பதே பாடம். எப்படிப் போடக் கூடாது என்பது என் அனுபவம்.

நாஸ் என்பது என்ன?

நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி வைக்கும் சேமிப்புப் பெட்டி. உள்ளே ஒரு சின்ன பிராசசர், கொஞ்சம் மெமரி, பெரும்பாலும் லினக்ஸ் அடிப்படையிலான ஓர் இயக்க மென்பொருள், இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க்குகள் இருக்கும். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் கொடுத்துவிட்டால் வீட்டில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் அதில் எழுதலாம், படிக்கலாம்.

என் அப்பா கல்யாண போட்டோகிராபர். ஸ்டூடியோ என்று தனியாகக் கடை கிடையாது. வீட்டு மாடி அறைதான் ஸ்டூடியோ. எட்டு வருஷத்துப் படங்களும் வீடியோக்களும் இரண்டு டிஸ்க் போடும் ஒரு பெட்டியில் இருந்தன. இரண்டும் 2 டெராபைட் டிஸ்க்குகள். அதில் 1.8 டெராபைட் நிரம்பிவிட்டது. ஆயுத பூஜை விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, இரண்டு 8 டெராபைட் டிஸ்க் வாங்கி வைத்திருந்தார். "நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே, மாத்திக் குடு" என்றார்.

அதற்கு முன், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்த்துவிடுவோம்.

கண்ணாடியும் கணக்கும்

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல நடத்தும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தப் பெயர் பிரபலமாயிற்று. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, விலை குறைந்த பல சின்ன டிஸ்க்குகளைக் கூட்டாக வைத்தால் என்ன என்பதே அவர்கள் கேள்வி. டிஸ்க் எண்ணிக்கை கூடினால், ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடும் அல்லவா? அதற்காகத்தான் உபரித் தகவலையும் சேர்த்து எழுதினார்கள்.

ரெய்டு 1 என்பது கண்ணாடி. ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதும். எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது இதுதான்.

ரெய்டு 5-க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். இதன் கணக்கு நம் டிஜிட்டல் லேபில் 7486 ஐ.சி. வைத்துச் செய்த எக்ஸ்-ஆர் கேட்தான். உள்ளே வரும் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் வெளியே 1; இரட்டைப்படை என்றால் 0. மூன்று டிஸ்க்கில் தகவல் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

முதல் டிஸ்க்: 1011
இரண்டாவது: 0110
மூன்றாவது: 1100
மூன்றையும் எக்ஸ்-ஆர் செய்தால்: 0001

இந்த 0001-தான் பாரிட்டி. இது நான்காவது டிஸ்க்கில் போகும். இப்போது இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது என்போம். மிச்சமுள்ள 1011, 1100, 0001 மூன்றையும் மறுபடி எக்ஸ்-ஆர் செய்து பாருங்கள். 0110 வரும். தொலைந்த டிஸ்க் திரும்பி வந்துவிட்டது! நிஜத்தில் பாரிட்டி ஒரே டிஸ்க்கில் இல்லாமல் எல்லா டிஸ்க்கிலும் மாறி மாறி எழுதப்படும். கணக்கு மட்டும் இதேதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொலைந்ததைக் கண்டுபிடிக்க, மிச்சமுள்ள மூன்றையும் ஒரு பிட் விடாமல் படித்தாக வேண்டும். ரெய்டு 1-இலும் அப்படித்தான். புதிய டிஸ்க்கை நிரப்ப, மிச்சமுள்ள ஒரே டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். இதற்கு ரீபில்ட் என்று பெயர். ரீபில்ட் முடியும் வரை பெட்டி ஒற்றைக் காலில் நிற்கிறது. இந்த விஷயம் எனக்குப் பரீட்சைக்குத் தெரிந்திருந்தது. வேலை செய்யும்போது நினைவுக்கு வரவில்லை.

நான் செய்தது

பெட்டியோடு வந்த கையேட்டில் முறை எளிதாக இருந்தது. ஒரு பழைய டிஸ்க்கை எடு, பெரிய டிஸ்க்கைப் போடு, ரீபில்ட் முடியட்டும். பிறகு இரண்டாவதையும் அப்படியே மாற்று. கடைசியில் இடத்தை விரிவாக்கு. அவ்வளவுதான்.

மாலை ஆறு மணிக்கு வலப்பக்க டிஸ்க்கை உருவினேன். பெட்டி பீப் பீப் என்று கத்தியது. 8 டெராபைட் டிஸ்க்கைப் போட்டேன். ரீபில்ட் ஆரம்பித்தது. 1 சதவிகிதம், 2 சதவிகிதம் என்று ஓடியதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நாலு வீட்டுக் கல்யாணம் இல்லடா, நாநூறு வீட்டுக் கல்யாணம் உள்ள இருக்கு. பாத்து செய்" என்றார் அப்பா. "ரெய்டு இருக்குப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அத்தோடு விட்டேனா? உருவிய டிஸ்க் சும்மா கிடக்கிறதே, ஹாஸ்டலுக்கு எடுத்துப் போகலாமே என்று கம்ப்யூட்டரில் மாட்டி, விண்டோஸில் ஃபுல் ஃபார்மட் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். ஃபுல் ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். குவிக் ஃபார்மட் ஆக இருந்தால்கூடப் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம்.

காலையில் பார்த்தால் இரண்டு செய்திகள். ஃபார்மட் வெற்றிகரமாக முடிந்தது. ரீபில்ட் 61 சதவிகிதத்தில் நின்றுவிட்டது.

ஏன் நின்றது?

இடப்பக்க டிஸ்க்கில் 12 செக்டர்களைப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு செக்டரும் 4,096 பைட். மொத்தம் 48 கிலோபைட். 2 டெராபைட்டில் இது நாலு கோடியில் ஒரு பங்குதான். ஆனால் அந்த இடத்துக்கு வேறு பிரதி இல்லை. ஆகவே பெட்டி ரீபில்டைக் கைவிட்டது.

அந்த 12 செக்டர்கள் அன்று ராத்திரி கெட்டவை அல்ல. எப்போது கெட்டன என்றே தெரியாது. வருஷக்கணக்கில் யாரும் திறக்காத ஒரு ஃபைல் இருந்த இடம் அது. படித்தால்தானே கெட்டது தெரியும்? இரண்டு டிஸ்க்கும் இருந்தபோது ஒரு தடவை முழுதாகப் படிக்க வைத்திருந்தால், பெட்டியே அந்தச் செக்டர்களை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துத் திருத்தி எழுதியிருக்கும். இதற்கு ஸ்க்ரப் என்று பெயர். பெரும்பாலான பெட்டிகளில் இந்த வசதி உண்டு. மாதம் ஒரு தடவை தானாக ஓடும்படி வைக்கலாம். எங்கள் பெட்டியில் அதை யாரும் ஓடவிட்டதில்லை. அந்த 12 செக்டர்களின் நல்ல பிரதி, நான் பூஜ்யம் எழுதிய டிஸ்க்கில் இருந்தது.

பயத்தில் எங்கள் லேப் சாருக்குப் போன் செய்தேன். அவர் திட்டவில்லை. "முதல்ல பெட்டியை ஆஃப் பண்ணு. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாதே. சிக் ஆன டிஸ்க்கை ஓட ஓட மோசமாகும்" என்றார். பிறகு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொன்னார். அது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிடும். கெட்ட பகுதிகளைத் தாண்டிச் சென்று, கடைசியில் திரும்பி வந்து சின்னச் சின்னத் துண்டாக முயற்சி செய்யும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று குறிப்பும் எழுதி வைக்கும். இன்னும் பெட்டியில் போடாத இரண்டாவது புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் எடுத்தோம். அந்த 48 கிலோபைட் மட்டும் கடைசி வரை வரவில்லை.

அது 2018-இல் எடுத்த ஓர் அறுபதாம் கல்யாண வீடியோ. படம் ஓடுகிறது. சில இடங்களில் கட்டம் கட்டமாக உடைகிறது. ஓரிடத்தில் பெரியவர் பேத்தியைக் கூப்பிடும்போது சத்தம் விட்டுப் போய், பேரில் பாதிதான் கேட்கிறது. அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகளிடம் அப்பாவே நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு, இருப்பதைக் கொடுத்துவிட்டு வந்தார். என்னைக் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

ரெய்டு வேறு, பிரதி வேறு

இதுதான் நண்பர்களே, நான் சொல்ல வந்த விஷயம். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் கெட்டாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு. அது பிரதி ஆகாது. தெரியாமல் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். ரான்சம்வேர் புகுந்தால் இரண்டும் பூட்டப்படும். இடி விழுந்தால் இரண்டும் போகும். அதோடு, டிஸ்க்கைப் பெரிதாக்குவதற்காக நல்ல டிஸ்க் ஒன்றை உருவும்போது, அந்த ஏற்பாட்டையும் நாமே கழற்றி வைக்கிறோம். நான்கு டிஸ்க் ரெய்டு 5-இல் ஒவ்வொன்றாக மாற்றினால் நான்கு தடவை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்.

டிஸ்க் பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தும் பெரிதாகிறது. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 10-இன் 14-ஆவது அடுக்கு பிட் படித்தால் அதிகபட்சம் ஒரு படிக்க முடியாத பிழை என்று போட்டிருப்பார்கள். பைட்டாக மாற்றினால் 12.5 டெராபைட். நான்கு 4 டெராபைட் டிஸ்க் உள்ள ரெய்டு 5-இல் ஒன்றை மாற்றினால், மிச்சம் மூன்றிலிருந்து படிக்க வேண்டியது 12 டெராபைட். நடைமுறையில் பல டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் கணக்கு எவ்வளவு நெருக்கத்தில் வருகிறது பாருங்கள். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 வந்ததற்குக் காரணம் இதுதான்.

எந்த டிஸ்க் வாங்குவது?

முதலில் அளவு. கடையில் 8 டெராபைட் என்று விற்பது 8 லட்சம் கோடி பைட். சில மென்பொருள்கள் 1,024-ஆல் வகுத்துக் காட்டுவதால் 7.28 என்று தெரியும். 4 டெராபைட் 3.64 ஆகத் தெரியும். ஏமாற்று அல்ல, கணக்கு வேறு. கண்ணாடி முறையில் சின்ன டிஸ்க்கின் அளவுதான் செல்லும். ஒரு பக்கம் 2, ஒரு பக்கம் 8 இருந்தால் கிடைப்பது 2-தான். இரண்டும் மாறிய பிறகே இடம் கூடும்.

இரண்டாவது, பெட்டியின் வரம்பு. ரொம்பப் பழைய பெட்டிகள் 2 டெராபைட்டுக்கு மேல் ஏற்காது. 512 பைட் செக்டரை 32 பிட் எண்ணால் எண்ணினால் அதற்கு மேல் எண்ண முடியாது. வேறு சில பெட்டிகளில் ஒரே வால்யூம் 16 டெராபைட்டைத் தாண்டாது. பெட்டி தயாரித்தவரின் பொருத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

மூன்றாவது, எழுதும் முறை. சி.எம்.ஆர். என்ற வகையில் டிராக்குகள் பக்கம் பக்கமாக இருக்கும். எஸ்.எம்.ஆர். வகையில் கூரை ஓடு அடுக்கியது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? அதே கதைதான். ரீபில்ட் போலத் தொடர்ந்து எழுதும் வேலையில் இவை மிகவும் மந்தமாகிவிடும். சில சமயம் பெட்டி, டிஸ்க் செத்துவிட்டது என்று எண்ணி வெளியே தள்ளிவிடும். நாஸுக்கு என்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். வகை என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகு சி.எம்.ஆர். டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். ஆகவே வாங்குமுன் மாடல் எண்ணை விவரத்தாளில் சரிபார்ப்பது நம் பொறுப்பு.

செய்ய வேண்டிய முறை

1. உடல்நிலை பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஸ்மார்ட் என்ற சுயபரிசோதனைக் குறிப்பு உண்டு. 5, 197, 198 ஆகிய எண்கள் கெட்ட செக்டர்களைச் சொல்லும். இவை பூஜ்யமாக இருப்பது நல்லது. 199 ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

2. ஸ்க்ரப் ஓட்டுங்கள். பழைய டிஸ்க்குகள் இரண்டும் பெட்டியில் இருக்கும்போதே ஒரு தடவை முழுதாக ஓடி முடியட்டும்.

3. வெளியே ஒரு பிரதி எடுங்கள். ஜிகாபிட் லேனில் நொடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட் போகும். 1.8 டெராபைட்டுக்கு நாலரை மணி நேரம். ஜிகாபிட்டுக்கு கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி கிரிம்பிங்கில் விட்டுப் போனால் பல சமயம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அப்போது அதே வேலைக்கு 45 மணி நேரம் ஆகும். வேகம் குறைவாகத் தெரிந்தால் முதலில் கனெக்டரைப் பாருங்கள்.

4. பிரதியைச் சரிபாருங்கள். ஃபைல் எண்ணிக்கை, மொத்த அளவு, முடிந்தால் செக்சம். நாலைந்து ஃபைலைத் திறந்தும் பாருங்கள், முக்கியமாக ரொம்ப நாள் தொடாத ஃபைல்களை.

5. புது டிஸ்க்கைச் சோதியுங்கள். மெயின்டனன்ஸ் பாடத்தில் படித்த பாத்டப் வளைவு நினைவிருக்கிறதா? பழையது மட்டுமல்ல, புத்தம் புதியதும் கெடும். ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டுங்கள். 8 டெராபைட்டுக்குப் பாதி நாளுக்கு மேல் ஆகும், ஆகட்டும்.

6. எண் எழுதி வையுங்கள். எந்த இடத்தில் எந்த சீரியல் நம்பர் என்று தாளில் குறித்து, டிஸ்க்கிலும் ஒட்டுங்கள். கெட்ட டிஸ்க் என்று நினைத்து நல்லதை உருவியவர்கள் பலர்.

7. பெட்டியின் செட்டிங்ஸைச் சேமியுங்கள். பல பெட்டிகளில் இயக்க மென்பொருளே டிஸ்க்கில்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

8. யு.பி.எஸ். கொடுங்கள். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 8 டெராபைட் நிரம்ப 15 மணி நேரம் ஆகும். இடையில் கரண்ட் போகாது என்று யார் உறுதி சொல்வது? யு.பி.எஸ்ஸின் யு.எஸ்.பி. கேபிளையும் பெட்டியில் மாட்டினால், பேட்டரி தீருமுன் பெட்டி தானாக ஒழுங்காக அணையும்.

9. இப்போது மாற்றுங்கள். இரண்டு டிஸ்க் பெட்டி என்றால், பழைய இரண்டையும் ஒன்றாக எடுத்துவிட்டு, புதிய இரண்டையும் புது வால்யூமாக அமைத்து, பிரதியிலிருந்து திரும்ப ஏற்றுவதே எனக்குப் பிடித்த வழி. நேரம் அதிகம்தான். ஆனால் பழைய ஜோடி தொடாமல் அப்படியே இருக்கும். காலி இடம் உள்ள பெரிய பெட்டி என்றால், பழையதை உருவாமலே புதியதைப் பக்கத்தில் போட்டு மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

10. பழைய டிஸ்க்கைத் தொடாதீர்கள்! குறைந்தது ஒரு மாதம் பீரோவில் இருக்கட்டும். இந்தப் பத்தாவது விதி ஒன்றை மட்டும் நான் அன்று கடைப்பிடித்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

முடிவாக

இப்போது எங்கள் வீட்டில் பெட்டி ஒன்று, அதற்கு வெளியே ஒரு டிஸ்க், அத்தை வீட்டில் இன்னொரு டிஸ்க். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பா அத்தை வீட்டுக்குப் போய் டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வருகிறார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில் என்று சொல்லும் பழைய விதியின் எங்கள் வீட்டு வடிவம் இது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். நாம் டிப்ளமோ முடித்து வெளியே போகும்போது, இதுபோல வேலைகளை நம்மை நம்பித்தான் கொடுப்பார்கள். டிஸ்க்கின் விலை நமக்குத் தெரியும். உள்ளே இருப்பதன் விலை அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்குமுன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு இன்னொரு காப்பி எங்க இருக்கு?" பதில் வராவிட்டால், அன்றைய வேலை டிஸ்க் மாற்றுவது அல்ல, காப்பி எடுப்பதுதான்.